பவள முதலைக்கு லேமினேஷன்

மார்ச் 8, சனி

வா நோட்டு, சௌக்கியமா? சாப்பிட்டாயா?

இன்று சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில் இருக்கும் தெம்பனிஸ் வரை போய் ஒரே ஒரு அட்டை வாங்கி வந்தேன். மகள் பெதானி விளையாடுகிறாளே, பூதமும் பறவையுமாகப் படம் போட்ட அட்டைகள். ஒன்று குறைகிறதாம். அது இல்லாமல் அடுத்த சனிக்கிழமை போட்டிக்குப் போனால் முதல் சுற்றிலேயே வீடு என்கிறாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஓயாத வேலை, நான் போனேன்.

"தவக்காலத்துல கறி விட்டு மிச்சம் பிடிச்ச காசுல முதலை வாங்குறீங்களாக்கும்!" என்றாள் அல்போன்சம்மாள். கட்டியவள் வாய் அப்படி.

முதலைதான். கழுத்து மட்டும் கொக்கு, முதுகெல்லாம் பவளம். பேர் இங்கிலீஷில் இருக்கிறது. நான் பவள முதலை என்கிறேன். சாய்த்தால் செதில் செதிலாக மின்னுகிறது. வரைந்தவன் கைக்கு மோதிரம் போடலாம்.

கடைக்காரப் பெண் அமீரா ஓரத்தை மட்டும் பிடித்து விளக்கில் காட்டினாள். "அங்கிள், இதுல மூலை வெளுத்திருக்கு லா. அடுத்தத எடுத்துக்குங்க." விற்கிறவளே, இந்த ஊர் 'லா' போட்டு, குறை சொல்கிறாள்! ஊர்ச் சந்தையில் என் மாமன் ஒரு மாடு வாங்கினார் – அது பெரிய கதை, விடு. மெல்லிய உறையில் போட்டுக் கொடுத்தாள். "ஈரம் மட்டும் படாம பாத்துக்குங்க."

மார்ச் 10, திங்கள்

மழை. உறையின் வாய் திறந்தே இருக்கிறது, தண்ணீர் போகாதா? லிட்டில் இந்தியாவில் எங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ், சவேரியார் படம் எல்லாம் லேமினேட் செய்த கடையிலேயே முதலையையும் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. இனி வெள்ளமே வரட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

"அப்பா… என்னப்பா பண்ணீங்க?"

ஆடும் கட்டுக்குள் எல்லா அட்டையும் ஒரே கனமாக இருக்க வேண்டுமாம். இது தடியாகிவிட்டது, கலைக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும். போட்டியில் செல்லாது.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஏன்டா சவரிராஜ், யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேட்டா என்ன?

மார்ச் 13, வியாழன்

மறுபடி தெம்பனிஸ். அந்த மூலை வெளுத்த அட்டையும் விற்றுப்போயிருந்தது. லேமினேட் செய்ததைக் காட்டினேன். அமீரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தன் சொந்த அட்டைக்கட்டிலிருந்தே பவள முதலையை உருவிக் கொடுத்தாள்.

"போட்டி முடிஞ்சு திருப்பித் தாங்க அங்கிள்."

"நீ ஆடலையாம்மா?"

"ஆடுறேன். அது இல்லாமலும் ஆடத் தெரியணும்ல?"

எப்பேர்ப்பட்ட பிள்ளை!

மார்ச் 15, சனி

அரையிறுதியில் பெதானிக்கு எதிரே உட்கார்ந்தது யார்? அமீராவேதான்! கடைசி நேரத்தில் பெதானி முதலையை இறக்கினாள். "என் முதலையே என்னைக் கடிக்குது லா!" என்று அமீரா மேசையைத் தட்டிச் சிரித்தாள். தோற்றவள் மாதிரியா இருந்தது அந்த முகம்?

இறுதியில் பெதானியும் தோற்றாள். இருவரும் சேர்ந்து சாப்பிடப் போனார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்தாயிற்று. லேமினேட் முதலையைச் சவேரியார் படத்துக்குக் கீழே செருகியிருக்கிறேன். சவேரியாருக்கும் ஒரு நண்டு கதை உண்டு, தெரியுமா? அவருடைய சிலுவை கடலில் விழுந்துவிட்டது. மறுநாள் ஒரு நண்டு –

"அப்பா! நோட்ட மூடிட்டு வாங்க, கத்துத் தர்றேன். உங்க முதலையையும் கொண்டாங்க. நம்ம வீட்டு ஆட்டத்துல அது செல்லும்!"

இதோ வந்துட்டேன். அந்த நண்டு இரண்டு கொடுக்காலும் சிலுவையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு