எழுபது நாள் ஜாஸ்தி

சந்தனப் பவுடர் வாசனை இன்னும் போகவில்லை. பெட்டியைப் பிரித்தது திங்கட்கிழமை, இன்று வெள்ளி. தோல் வாசனையையும் பசை வாசனையையும் சொல்லவில்லை. ஆம்பூர் மூக்குக்கு அவை இரண்டும் வெறும் காற்று. ஷூ போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் நீ பாதத்தில் தட்டிக்கொள்ளும் பவுடரைச் சொல்கிறேன். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. என் மேஜைக்கடியில் இருக்கும் ஒரு ஜோடி ஷூவிலிருந்து அந்த வாசனை வருகிறது.

பெட்டி இத்தாலியிலிருந்து வந்தது. அங்கே போன சாம்பிள்கள் சீசன் முடிந்ததும் திரும்பி வருமே, அப்படித்தான் என்று நினைத்தேன். எண்களைத் தாளோடு ஒத்துப் பார்ப்பது ஷிப்பிங் ஆபீசில் என் வேலை என்பதால் சாம்பிள் ரூமுக்குப் போய் நின்றேன். உள்ளே ஒரே ஜோடிதான். காய்ச்சலில் படுப்பதற்கு முன் கடைசியாக நீ போட்டு நடந்து, "சரியா இருக்குது, அனுப்பிடுங்க" என்று சொன்ன கறுப்பு ஷூ. இரண்டையும் சேர்த்துக் கட்டி நாம் இங்கே போட்ட பிளாஸ்டிக் பூட்டு அப்படியே இருந்தது, எண் மாறாமல். அதை அறுக்காமல் யாரும் அந்த ஷூவைப் போட்டு நடக்க முடியாது. ஆனால் சோல் தேய்ந்திருந்தது. இடது குதிகாலில் வெளிப்பக்கம் மட்டும் சாய்வாக, உன் செருப்புகள் எல்லாம் தேய்ந்த மாதிரியே.

"எவளோ போட்டுக்கினு ஊரெல்லாம் சுத்திட்டு அனுப்பியிருக்கா. ரிஜெக்ட்ல போடு" என்றார் மாஸ்டர்.

"பூட்டு அறுக்காம எப்படி மாஸ்டர் சுத்துவாங்க?"

"அத இன்னாத்துக்கு என்னைக் கேக்கற?" என்றவர், ஷூவை மறுபடி கையில் எடுத்தார். இவ்வளவு தேய எத்தனை நாள் நடக்க வேண்டும் என்று கேட்டேன். கட்டைவிரலால் குதிகாலைத் தடவிப் பார்த்தார். "டெய்லி நடந்தா பதினஞ்சு நாள் ஆவும்."

உன் இடத்துக்கு வந்திருக்கும் வாணியம்பாடிப் பெண் பூட்டை அறுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தாள். நாலடி கூட நடக்கவில்லை, கழற்றிவிட்டாள். "வேணாங்க்கா. உள்ள ஏற்கெனவே ஒரு காலு இருக்கற மாதிரி இருக்குது" என்றாள்.

உன் காலுக்கு இருந்த மரியாதை எங்கள் முகத்துக்குக் கூடக் கிடைத்ததில்லை. இத்தனை பெண்கள் வேலை பார்க்கும் ஃபாக்டரியில், பெண்கள் சாம்பிளுக்கு அளவெடுத்த மாதிரி முப்பத்தேழு சைஸ் கால் உன்னுடையது மட்டும்தான். ஒடுகத்தூர் பஸ்ஸில் யாராவது உன் காலை மிதித்துவிட்டால் சாம்பிள் ரூமே பேஜாராகிவிடும். நீ நலமா என்று மேனேஜர் கேட்டதில்லை. கால் எப்படி இருக்கிறது என்று கேட்பார். மார்க்கோ அந்தக் காலைப் பார்க்கத்தான் முதலில் வந்தார், நம்மிடம் ஷூ வாங்கும் இத்தாலிக் கம்பெனியின் டெக்னீசியனாக. மண்டியிட்டு உட்கார்ந்து உன் கட்டைவிரல் இருக்கும் இடத்தை ஷூவின் மேல் அழுத்திப் பார்ப்பார். வருஷத்துக்கு நாலு தடவை வந்தார். மூன்றாம் வருஷம் நீ என்னிடம் சொன்னாய்: "வர்றப்பல்லாம் என் கால்ல வந்து உழறான்டி. எப்படி வேணாம்னு சொல்றது?" நான் டீயைத் துப்பிவிட்டேன்.

பிறகு அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. நீண்ட விமானப் பயணம் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவரால் வர முடியாது என்பதால் நீ போனாய், சுற்றிப் பார்க்கிறவர்களுக்கான விசாவில். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்ச்சில் போனாய். ஏப்ரல் கடைசியில் விசா ஸ்டிக்கரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாய். "அவருக்கு இன்னும் முடியல. எவ்ளோ நாள் இருக்கலாம்? நீதான் டாக்குமெண்ட் பாக்கறவ, பாத்து சொல்லு."

அன்று கப்பலுக்குக் கன்டெய்னர் போக வேண்டிய கடைசி நாள். பணத்துக்கு உறுதி சொல்லி வெளிநாட்டு வங்கிகள் அனுப்பும் எல்.சி. தாளில் காலாவதித் தேதிதான் எங்களுக்குச் சாமி. முதலில் அதைத்தான் தேடுவோம். பதினோரு வருஷப் பழக்கத்தில் உன் ஸ்டிக்கரிலும் கண் அங்கேதான் போனது. ஜூலை பதினைந்து என்று இருந்தது. அதற்குக் கீழே, அந்த ஊர் மொழியில் ஏதோ எழுதி, பக்கத்தில் 45 என்று ஓர் எண். ஏதோ குறியீடு என்று தாண்டிவிட்டேன். "ஜூலை 15 வரைக்கும் வேலிட். கவலைப்படாம இரு" என்று ஒரே நிமிஷத்தில் பதில் போட்டேன். நாற்பத்தைந்து என்பது நீ தங்கக்கூடிய நாட்கள். ஜூலை பதினைந்து அந்த நாட்களைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய கெடு மட்டும்தான். மார்க்கோவுக்கும் தெரியவில்லை. அவர் இங்கே வருவதற்கான விசாவை எல்லாம் நம் ஆபீஸ் ஆட்கள்தான் பார்த்துக்கொண்டார்கள், அவர் எந்த ஸ்டிக்கரை நின்று படித்தார்?

ஜூலை பன்னிரண்டில் நீ திரும்பியபோது விமான நிலையத்து அதிகாரி எண்ணிப் பார்த்தார். எழுபது நாள் ஜாஸ்தி. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, இரண்டு வருஷம் வரக்கூடாது என்று தாளும் கொடுத்து அனுப்பினார்கள். ஆட்சேபம் இருந்தால் ஆதாரத்தோடு எழுதலாம் என்று அந்தத் தாளில் இருந்தது.

அந்தக் கடிதத்தை டைப் அடித்தது நான்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில். நீ பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாய். காரணம் என்ன போடட்டும் என்று கேட்டேன். "நான் சரியா பாக்கலன்னு போடு" என்றாய். என் மெசேஜ் உன் போனில் இருந்தது, என் போனிலும் இருந்தது. ஒரு படம் எடுத்து இணைத்திருந்தால் போதும். தேதி பார்ப்பதே வேலையாக இருக்கிறவள் தேதியைத் தப்பாகப் பார்த்தாள் என்று ஆபீசுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். நீ சொன்னதை அப்படியே அடித்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன் வேறு. மூன்று வாரத்தில் பதில் வந்தது: ஆதாரம் இல்லாத விளக்கத்தை ஏற்க முடியாது.

ஊரில், வேணும்னே தங்கிவிட்டாள் என்று பேசினார்கள். கேண்டீனில் என் காதுபடவே பேசினார்கள். நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

போன நவம்பரில் வேலூர் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அன்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். உனக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை, உதடெல்லாம் வெடித்திருந்தது. "இன்னாடி மூஞ்சி இப்படி? இன்னும் எட்டு மாசம்தான். அந்த நாள் வந்தா ஒரு நிமிஷம் இங்க நிக்க மாட்டேன், பாத்துக்க" என்றாய். போர்வைக்கு வெளியே உன் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. போர்த்திவிட்டு வந்துவிட்டேன். நாலாம் நாள் போன் வந்தது.

உன் தடை முடிந்தது இந்த ஜூலையில். பெட்டி இங்கே வந்தபோது அது முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கூரியரில் வந்த நாட்களைக் கழித்தால் பதினைந்து, பதினாறு நாள் வரும். மாஸ்டருக்கு இந்தத் தேதிகள் எதுவும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மார்க்கோவுக்கு எழுதினேன். அந்த மெசேஜின் படத்தை, இரண்டு வருஷம் தாமதமாக, இணைத்தேன். தப்பு என்னுடையது, மறைத்ததும் நான்தான் என்று எழுதினேன். கடைசியில், இந்த ஷூவை யார் போட்டது என்றும் கேட்டேன். புதன்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் போகும் ஐந்தரை மணி ஃபாக்டரி பஸ்ஸுக்காக நாற்காலியை விட்டு எழுந்தபோது பதில் வந்தது.

அவருக்கு முதலிலிருந்தே தெரியுமாம். தடைத் தாள் வந்த அன்றே அந்த மெசேஜை நீ அவருக்கு அனுப்பிவிட்டாயாம். ஆட்சேபக் கடிதத்தோடு அதையும் அனுப்பு என்று அவர் கெஞ்சியிருக்கிறார். "என் தோஸ்த்த ஆதாரமா ஒட்டி அனுப்ப மாட்டேன்" என்றாயாம். தோஸ்த் என்பதை அவர் ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதியிருந்தார். இன்னொன்றும் சொன்னாயாம்: சரியாகப் பார்த்துச் சொல்லியிருந்தால் நாற்பத்தைந்து நாளில் திரும்பியிருப்பேன், அவள்தான் நமக்கு எழுபது நாள் ஜாஸ்தி கொடுத்தாள். அதைப் படித்துவிட்டு நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். ஆறுதலாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஷூவைப் பற்றியும் எழுதியிருந்தார். உன் கால் பட்ட கடைசி ஜோடி என்று அதை ஆபீசிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தாராம். பெட்டியை ஒரு நாளும் திறக்கவில்லை. ஜூலை பாதியில் கீழ்வீட்டு அம்மாள், உங்கள் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள், தினமும் காலையில் ஒரு பெண் படியில் இறங்கிப் போகிறாளே, என்று கேட்டாராம். யாரும் இல்லை என்றிருக்கிறார். பதினைந்து நாள் கழித்து, இப்போது சத்தம் கேட்கவில்லை, விருந்தாளி போய்விட்டார்களா என்று அந்த அம்மாளே கேட்டிருக்கிறார். அன்றைக்கே பெட்டியை இங்கே அனுப்பிவிட்டார். ஏன் அனுப்பத் தோன்றியது என்று அவருக்குத் தெரியவில்லையாம்.

ரிஜெக்ட் பெட்டியில் போடாமல் நான் எடுத்து வந்துவிட்டேன். இப்போது எந்தத் தாள் வந்தாலும் தேதியைப் பார்த்துவிட்டு அதற்குக் கீழே இருப்பதையும் படிக்கிறேன், புரியாத சொல் இருந்தால் ஆளைத் தேடிப் போய்க் கேட்கிறேன். என்னால் பஸ்ஸே தாமதமாகிறது என்று திட்டுகிறார்கள்.

நாற்பத்தைந்து நாளுக்கு ரொம்ப முன்னாலேயே, பதினைந்தே நாளில் அங்கிருந்து கிளம்பிவிட்டாய். இந்தத் தடவை யாரையும் நம்பாமல் நீயே எண்ணியிருக்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உனக்கு இன்னும் முப்பது நாள் பாக்கி இருந்தது.