ஏழு மணிக் கொடி

ஜனவரி 18, ஞாயிறு

கடும் பனி. எட்டு மணி வரை மலையே தெரியவில்லை. பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டியவை: மாத்திரை, சுண்ணாம்பு (கொடிமேடைக்கு), கயிறு நாற்பது அடி, சாமந்தி கால் கிலோ (25ஆம் தேதி சாயங்காலம் வாங்கினால் போதும்).

ஏகாம்பரம் இல்லாத முதல் குடியரசு தினம். கார்த்திகை தீபம் மலையில் எரிந்துகொண்டிருந்தபோதே போய்விட்டான். பதினேழு வருடம் ராணுவத்தில் லாரி, அப்புறம் இந்த ஊரில் ஆட்டோ. செத்துப்போன அண்ணனின் இரண்டு பெண்களைத் தன் பிள்ளையோடு சேர்த்துப் படிக்க வைத்தான். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் ஒரு விசிலோடு நிற்பான். கூட்டத்தில் தொலைந்த குழந்தைகளையும் வயசானவர்களையும் உரியவர்களிடம் சேர்த்த பிறகுதான் வீடு. ஆட்டோ இன்னும் வாசலில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. மகன் விற்கப் போகிறானாம்.

தெருமுனைக் கொடிக்கம்பம் அவன் நட்டது. பதினெட்டு வருடம், வருடத்துக்கு இரண்டு தடவை. விதிகளும் அவன் போட்டவை:

1. மணி ஏழு. யாருக்காகவும் நிற்காது.
2. ஏற்றுபவர் இந்தத் தெருக்காரர், அல்லது இந்தத் தெருவுக்கு உழைப்பவர். மேடை ஏறியிருக்கக் கூடாது.
3. ஒருவருக்கு ஒரு தடவைதான்.

நோட்டு இப்போது என்னிடம். முதல் பெயர் பாஷா பாய், தையல்கடை. தபால்காரர். இட்லிக்கடை அம்மா. வலது கை இல்லாத வாட்ச்மேன் (இடது கையால் இழுத்தார், ஒரே இழுப்பு). ஒருமுறை நானும் கேட்டுப் பார்த்தேன். "உன்னத்தான் வருஷம் பூரா மேடையில ஏத்தி சால்வை போடறாங்களே வாத்தியாரே, இன்னும் என்னா?" என்றான்.

கடைசிப் பெயர், கொஞ்சம் நடுங்கிய எழுத்தில்: ஜன. 26, கன்னியம்மா. எங்கள் தெருவைப் பெருக்குகிறவர்.

ஜனவரி 20, செவ்வாய்

மாத்திரை வாங்கியாயிற்று. கயிறு இல்லை.

சரவணன் வந்தான், ஏகாம்பரத்தின் மகன். பெங்களூரிலிருந்து ஒரு வாரம் லீவு. கையில் அச்சடித்த நோட்டீஸ். ராணுவ உடையில் ஏகாம்பரம். பக்கத்தில் அவனைவிடப் பெரிதாக வார்டுப் பிரமுகர். கொடியேற்றம், படத்திறப்பு, காலை 9.30. கொடி ஏற்றுபவர் பிரமுகர்.

"பந்தல், மைக்செட் எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்க சார். அப்பாவுக்குப் பெருமை."

"உங்கப்பா கன்னியம்மா பேரை எழுதி வச்சிருக்காரேப்பா."

"ஆகஸ்ட்ல ஏத்தட்டும் சார். எங்க போயிடப் போறாங்க?"

போகும்போது சொன்னான்: "எங்கப்பா செத்தன்னிக்கு பேப்பர்ல ஒரு வரி வரல சார். யாருக்கும் தெரியாம உழைச்சிட்டுப் போயிட்டாரு. நாலு பேருக்குத் தெரியட்டும்னு நெனைக்கறது தப்பா?"

தப்பில்லை. "பார்க்கலாம்பா" என்றேன்.

முப்பத்து மூன்று வருடம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினேன். ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று ஒரு பையன் எழுதினால் "பார்க்கலாம்" என்றா சொல்வேன்? உட்கார வைத்து, மறுபடி போடச் சொல்வேன். இன்று சொல்லிவிட்டேன். பொறுமைசாலி என்று எனக்கு ஊரில் பெயர். பாதிப் பொறுமை பயம்தான் போலிருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

பனி கம்மி. கயிறு கிடைத்தது.

தெருமுனையில் கன்னியம்மா. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"என்னா சார், நான் ஏத்தலியாமே. மேஸ்திரி சொல்றாரு."

"நீங்கதான் ஏத்தறீங்க."

"வேணாம் சார், வம்பு. அன்னிக்கு எனக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டூட்டி மாத்திட்டாங்க. அத்த முடிக்காம வந்தா அப்புறம் வேலைக்கே வராதேன்னுட்டாரு."

யார் சொல்லி மாற்றியிருப்பார்கள் என்பது தெரிந்ததுதான். கான்ட்ராக்ட் வேலை. அந்த வருமானத்தில்தான் வீடு. வேலைக்கே ஆபத்து என்றால் வேண்டாம், ஏகாம்பரமும் அதைக் கேட்டிருக்க மாட்டான் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கம்பத்தின் பக்கம் திரும்பினார்.

"அண்ணன் ஆசுபத்திரில படுத்துனு இருக்கசொல்ல என்னக் கூப்ட்டு கேட்டாரு சார். ஏத்துறியா கன்னிம்மான்னு. ஏத்தறேண்ணான்னு சொல்லிட்டேன். அவரு இல்லேன்னதும் இல்லேன்னு ஆயிடுமா?"

பிறகு: "நீங்க கணக்கு வாத்தியாருதானே. பஸ் ஸ்டாண்ட ரெண்டு பேரு பெருக்கினா ரெண்டரை மணி நேரம். எத்தினி மணிக்கு ஆரம்பிச்சா ஏழுக்கு இங்க இருக்கலாம்?"

நான்கு மணிக்கு ஆரம்பித்தால் ஆறரைக்கு முடியும். நடை இருபது நிமிடம். பத்து நிமிடம் மீதி.

"அப்ப புடவ மாத்தவும் டைம் கீது" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

என் வாழ்நாளில் போட்ட நல்ல கணக்கு இதுதான். இனிமேல் "பார்க்கலாம்" கிடையாது. உடனே சரவணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்: கொடி ஏழு மணிக்கு, கன்னியம்மா. ஒன்பதரைக்குப் படத்தைத் திறந்துகொள்ளட்டும். போனை வைத்துவிட்டான்.

ஜனவரி 24, சனி

மேடைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். முட்டி வலி.

அடித்துக்கொண்டிருக்கும்போதே பிரமுகரின் ஆள் பைக்கில் வந்தான். இறங்கவில்லை.

"வாத்தியார் சார், இந்தக் கம்பத்துக்கு பர்மிஷன் கீதா? அண்ணன் கேக்கச் சொன்னாரு."

"பதினெட்டு வருஷமா இருக்கு."

"அதான் கேக்கறேன். புடுங்கிட்டாங்கன்னா?"

"என் மொட்டை மாடியில மூங்கில் நடுவேன்."

"அதுவும் கூடாதுன்னா?"

"கையில பிடிச்சிக்கிட்டு நிப்பேன்."

"உங்க வயசுக்குக் கை வலிக்கும் சார்."

"மாத்திக்க இன்னொரு கை இருக்கு."

சிரித்தான். நானும் சிரித்தேன். பிரேயர் முடிந்து வரும் பையனையும் வகுப்பில் உட்கார வைப்போம், ஆனால் அவனுக்காகப் பிரேயரை மறுபடி நடத்த மாட்டோம் என்று விளக்கினேன். "ஒன்பதரைக்கு அண்ணன் வரட்டும். பறக்கறதப் பாத்து சல்யூட் அடிக்கட்டும். யாரும் தடுக்கல." பைக்கை முறுக்கிக்கொண்டு போய்விட்டான். மீதிச் சுண்ணாம்பைச் சாயங்காலம் அடித்தேன்.

நடுவில் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். கொடி அங்கேதான், அவனுடைய ராணுவத் தகரப் பெட்டியில். ஜெயம்மா, அவன் மனைவி, சாவியை இடுப்பிலிருந்து எடுத்தார்.

"சரவணன் கோவிச்சிக்கப் போறான்மா."

"கோவிச்சிக்கட்டும்ணா. கம்பம் நட்ட பதினெட்டு வருஷத்துல அந்த மனுஷன் எனக்காக ஒரு நிமிஷம் நிறுத்தினது இல்ல. தலைக்கு ஊத்திக்கிட்டு ஓடி வந்து பாத்தா கொடி மேல இருக்கும். பொண்டாட்டிக்கே நிறுத்தாதவருக்கு, இப்ப எவனோ ஒருத்தனுக்காக நிறுத்தறதா?"

கொடியைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். உள் அறையில் சரவணன் இருந்தான். போனில் பேசிக்கொண்டிருந்தவன், பேச்சை நிறுத்தினான். வெளியே வரவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

சாமந்தி வாங்கியாயிற்று.

ஒரு பெரிய சிக்கல். ஆகஸ்டில் கொடியைக் கீழிருந்து ஏற்றுவோம். ஜனவரியில் பூவை உள்ளே வைத்து மடித்து, முன்பே உச்சியில் கட்டிவிட வேண்டும். கீழே ஒரு இழுப்பு, முடிச்சு அவிழ்ந்து விரியும். ஏகாம்பரம் இதில் ரொம்பக் கண்டிப்பு. அந்த முடிச்சை விடிவதற்கு முன் தனியாக வந்து போடுவான். பதினெட்டு வருடம் நான் ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பார்த்தேனா? ஏழு மணிக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நிற்பதோடு சரி.

மாடியில் ஒரு பழைய துண்டை வைத்துப் பத்துத் தடவை பயிற்சி. மூன்று தடவை அவிழ்ந்தது. என் மாணவனாக இருந்தால் பெயில். பாஷா பாய் கொடியின் ஓரத்தைத் தைத்துக் கொண்டுவந்தவர், நின்று பார்த்தார்.

"இது அல்ஜீப்ரா இல்ல வாத்தியாரே."

"நீங்க போடுங்களேன்."

போட்டார். அவருக்கும் அவிழவில்லை. மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

தெருவில் பந்தல் கால் ஊன்றுகிறார்கள். பேனரில் ஏகாம்பரம் இடது ஓரத்தில், தபால்தலை அளவு.

ஜனவரி 26, திங்கள்

பனி. மலை இல்லை. ஐந்தரைக்கு முடிச்சைப் போட்டேன், எது வாய்த்ததோ அது.

6.30: தெருவில் பாதிப் பேர். முதல் ஆள் ஜெயம்மா, ஈரத் தலையோடு.

6.48: கன்னியம்மா. புடவையின் மேல் பளபளக்கும் வேலைக் கோட்டு. பாஷா பாயின் கடைக்குள் போய் மஞ்சள் புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

6.55: பைக் ஆள். போனில், "அண்ணே, ஆரம்பிச்சிடுவாங்க போல." பிறகு என் முன்னால் வந்து நின்றான். "அண்ணன் பூஜையில கீறாரு சார். அரை மணி நேரம் பொறுங்க."

"பூஜையை நிதானமா முடிக்கட்டும்."

"நிறுத்தினா எங்க வூட்டுக்காரரே எழுந்து வந்துடுவாரு" என்றார் ஜெயம்மா. அவன் நகர்ந்துகொண்டான்.

7.00. கன்னியம்மா இழுத்தார். விரியவில்லை. மறுபடி இழுத்தார். இறுகியது. பந்தல் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள். என் முடிச்சு.

"உடுங்க சார்" என்று கயிற்றைத் தளர்த்தினார். ஒட்டடை அடிப்பவர்போல் பக்கவாட்டில் ஒரு சுண்டு. விரிந்தது. சாமந்தி அவர் தலைமேல், என் கண்ணாடிமேல். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். பாடினோம். சுருதி இல்லை, சத்தம் இருந்தது.

பாடி முடிந்ததும் குனிந்து பூவைப் பொறுக்கத் தொடங்கினார். இன்றைக்குமா என்றேன். "மிதிப்பாங்க சார்." முந்தானையில் முடிந்துகொண்டார்.

சரவணன் தன் வீட்டுக் கேட்டருகே கைகட்டி நின்றிருந்தான். கிட்டே வரவில்லை.

9.50: பிரமுகர். அண்ணாந்து பார்த்தார். ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை. படத்துக்கு மாலை, இருபது நிமிடப் பேச்சு, அதில் ஏகாம்பரம் இரண்டு நிமிடம்.

மதியம் கன்னியம்மா போன் செய்தார். மேஸ்திரி, "நாளைக்கு வந்து பாரு, சொல்றேன்" என்றாராம். பெருக்கியதில் ஒரு குப்பை விட்டிருந்தால் காட்டட்டும். நாளை அவரோடு நாங்களும் போய் நிற்கிறோம்.

மாலை ஐந்தே முக்கால். பொழுது சாய்வதற்குள் இறக்க வேண்டும் என்று போனேன். சரவணன் ஏற்கெனவே இறக்கிவிட்டிருந்தான். தொடைமேல் வைத்து மடித்துக்கொண்டிருந்தான், அப்படியே அவன் அப்பா மடிப்பதுபோல.

"முடிச்சு தப்பு சார். கடைசி சுத்து உள்ள போகக் கூடாது. சின்னதுல எனக்குக் காட்டியிருக்காரு." மூன்று முறை போட்டுக் காட்டினான். நான்காவது நான் போட்டேன். அவிழ்ந்தது.

கொடியை என் கையில் கொடுத்துவிட்டு நின்றான்.

"நாளைக்குக் கன்னியம்மா கூட யாரு சார் போறீங்க?"

"நான், பாஷா பாய், உங்கம்மா."

"எத்தினி மணிக்கு?"

"அஞ்சரை."

"நடக்காதீங்க. அப்பா ஆட்டோவ எடுத்துனு வரேன்."