சுவரில் முப்பத்தொரு கோடு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் வீட்டுக்காரரிடம் விஷயத்தை மட்டும் சொல். அவரை அத்தான் என்று எழுதலாமா என்று தெரியவில்லை, நேரில் பார்த்ததே இல்லையே. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. போன் முழுநேரமும் சித்தப்பா கையில் இருப்பதால்தான் எழுதுகிறேன். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். என் தோழி வீட்டு முகவரிக்கு நீ அனுப்பிய கடிதத்தை அன்றே கிழித்துவிட்டேன். கவரை மட்டும் எறிய மனம் வரவில்லை. அதில் உன் கையெழுத்து இருந்தது. அறிவியல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். நீ அவரோடு போனதிலிருந்து நம் முன் அறையில்தான் சித்தப்பா படுக்கிறார். ஒருநாள் பேனா தேடுகிறேன் என்று என் பையைக் கவிழ்த்தார். கவரின் பின்பக்கம் உன் முகவரி முழுசாக இருந்தது. என்னை அடிக்கவில்லை. "கெட்டிக்காரிடி நீ" என்று சிரித்தார். அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

அன்று மாலையே கிளம்ப வேண்டும் என்று குதித்தார். "பஸ்ஸுல எல்லாம் அவளைக் கூட்டிட்டு வர முடியாது, கத்துவா. கார்தான் சரி" என்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அப்பாதான், "கார் இப்ப வராது. இன்ஜின் நேத்துதான் ஏத்தியிருக்கேன்" என்றார்.

அப்பா கழற்றும்போது நீ டார்ச் பிடித்து நின்றாயே, அதே இன்ஜின்தான் அக்கா. நீ போன பிறகு சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டு அப்பா தனியாகவே முடித்தார். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்தார். நான் பிடிக்கிறேன் என்றேன், வேண்டாம் என்று தலையாட்டினார்.

இன்ஜின் பழகும் வரை, முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு, வேகம் ஐம்பதைத் தாண்டக் கூடாதாம். ஒரே வேகத்திலும் போகக் கூடாதாம், கூட்டிக் குறைத்து ஓட்ட வேண்டுமாம். "இப்பவே விரட்டினா ரிங் சரியா உக்காராது. அப்புறம் ஆயுசு முழுக்க எண்ணெய் குடிக்கும்" என்றார். சித்தப்பா, "என்னண்ணே, வண்டிக்குப் பிரசவம் பார்த்த மாதிரி பொத்திப் பொத்தி வச்சிருக்கே! நடந்து போனாலே முன்னாடி போயிடலாம் போலிருக்கே" என்று கேலி செய்தார். "அப்ப நடந்து போ" என்றார் அப்பா.

அந்தக் காரில் வேக முள் ஆடும், ஆனால் கிலோமீட்டர் எண்கள் நகராது, உனக்குத்தான் தெரியுமே. அதனால் வீட்டிலிருந்து ரயில்வே கேட் வரை போய்த் திரும்பினால் இருபது என்று கணக்கு. தினமும் மாலையில் இரண்டு சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு கோடு, ஷெட் சுவரில் நான் சாக்பீஸால் போட வேண்டும். ஐம்பது கோடு விழுந்தால் ஆயிரம்.

நீ உட்காரும் முன் சீட்டில் இப்போது நான்தான். நாற்பது கிலோமீட்டரும் அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டார். இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே வருவார். நானும் பேசாமல் இருப்பேன். வீட்டிலும் யாரும் என்னோடு பேசுவதில்லை. ராத்திரியில் உன் கட்டில் பக்கம் திரும்பிப் படுத்தால் ஏதாவது சொல்ல வாயைத் திறந்துவிடுகிறேன். அதனால் சுவர்ப் பக்கம் திரும்பியே படுக்கிறேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு கோட்டை விட்டுவிட்டேன். உண்மைக் கணக்கு என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இன்றோடு இருபத்து மூன்று நாள், நாற்பத்தாறு சுற்று. நான் விட்டது ஏழு. ஆக, சுவரில் முப்பத்தொன்பது இருக்க வேண்டும். இன்று சாயங்காலம் எண்ணினேன், முப்பத்தொன்றுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். அதேதான்.

கிட்டே போய்ப் பார்த்தேன். எட்டு இடத்தில் கோடு தேய்த்து அழிக்கப்பட்டிருந்தது. அழித்த இடத்தில் எல்லாம் கறுப்பு எண்ணெயில் பெருவிரல் தடம். சித்தப்பா எண்ணெய்ப் பக்கமே வராதவர், உனக்குத் தெரியும்.

அப்போது பார்த்து சித்தப்பா ஷெட்டுக்குள் வந்து, "எத்தனை ஆச்சு?" என்றார். நான் மறுபடி எண்ணுவதுபோல் விரலை நீட்டினேன். அப்பா காருக்கு அடியிலிருந்தே, "முப்பத்தொண்ணு. இன்னும் பத்தொன்பது இருக்கு" என்றார். எண்ணிப் பார்க்காமலே சொன்னார் அக்கா. பிறகு வெளியே வந்து என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் பெருவிரலைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "உன் கோடும் ஆச்சு, நீயும் ஆச்சு. ஞாயித்துக்கிழமை விடியக்காலை நானே ஓட்டிட்டுப் போறேன். இன்ஜின் வெடிச்சா வெடிக்கட்டும். நாளைக்கே டேங்க் ரொப்பணும், சாவியைக் குடு" என்று கையை நீட்டினார். அப்பா காலையில் தருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். சாப்பிடவில்லை.

இன்று புதன். தோழி காலையில் இதைத் தபாலில் போட்டால் சனிக்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும். கிடைத்த உடனே வீட்டை மாற்றிவிடு. சாமான் எல்லாம் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். சித்தப்பா மாதிரி உயரமான ஆள் யாராவது வந்து கேட்டால் எதுவும் சொல்ல வேண்டாம் என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போ.

புது முகவரியை எனக்கு எழுதாதே அக்கா. தோழி வீட்டுக்கும் வேண்டாம். எழுதினால் நான் மறுபடி கவரை எறியமாட்டேன், என்னை எனக்குத் தெரியும். நீ நன்றாக இருக்கிறாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். அத்தானோடு நீ நூறு வருஷம்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். டார்ச்சை அணைத்துவிட்டேன், இருட்டில் எழுதுகிறேன். மெதுவாகத்தான் தட்டுகிறார்கள். சித்தப்பா தட்டமாட்டார், தள்ளிக்கொண்டுதான் வருவார். கதவுக்கு அடியில் ஏதோ வருகிறது. எடுத்துவிட்டேன். பிசுபிசுவென்று எண்ணெய். கார்ச் சாவி அக்கா, இருக்கிற ஒரே சாவி, அப்பா சாவியை என்னிட