செப்புக் குழாய்மேல் நான் போட்ட மாலை

பிரியமுள்ள அத்திம்பேருக்கு, மச்சினன் சம்பத் தண்டம் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது.

நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எழுதாமலே இருந்துவிடுவேன். விஜயதசமியன்று டாக்டரின் காரை ஓட்டிப் பார்த்தோம். மணப்பாறை போய்ச் சேரவில்லை. போய்ச் சேராததற்குக் காரணம் நான். அதோடு நிற்காமல் இன்னொன்றும் செய்தேன். அதை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது.

உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு வரும்.

டாக்டரின் கார் இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். பறக்கும். ஆனால் வேகமாகக் கொஞ்ச தூரம் போனால் எஞ்சின் எண்ணெய் சூடேறித் தண்ணீராக இளகிவிடும். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் இறங்கும். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்கும். ஒரு தடவை பேரிங் உருகி, மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்தது. சென்னையிலிருந்து வந்து பார்த்த ஆள், மெதுவாக ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். டாக்டர் உங்களிடம் வந்தார். ரயில் பட்டறையில் எஞ்சின் பாகங்களுக்குப் படம் வரைகிறவர் நீங்கள். "ஓட்டறவரை ஆத்த வேண்டாம், எண்ணெயை ஆத்துவோம்" என்றீர்கள். அவர் சிரித்த சிரிப்பில் அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

காவேரி மணலைச் சலித்துச் செப்புக் குழாய்களில் கெட்டித்து, நசுங்காமல் வளைத்தீர்கள். பிறகு அந்த மணலைக் கழுவிக் கழுவி, ஒரு பொடி உள்ளே தங்கினாலும் எஞ்சின் போச்சு என்று மறுபடி கழுவினீர்கள். கிணற்றடி முழுக்க மணல் என்று அக்கா சண்டை போட்டாள். குழாய் வரிசையை ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தினீர்கள். கொதிக்கிற எண்ணெய் அதற்குள் ஓடி, எதிர்க்காற்றில் ஆறி, எஞ்சினுக்குத் திரும்ப வேண்டும். டபராவில் ஆற்றுகிற காப்பிதான், டபரா ஓடிக்கொண்டே இருக்கும் என்று எனக்குப் புரியவைத்தீர்கள். கணக்கு வாத்தியாரான எனக்கு அப்படிச் சொன்னால்தான் புரிகிறது என்று கேலி வேறு.

பொருத்தி முடித்தீர்கள். ஓட்டிப் பார்ப்பதற்குள் உங்களுக்கு விஷ ஜுரம் வந்துவிட்டது. டாக்டர்தான் பார்த்தார். அவரால் உங்களைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்கப்புறம் அவர் அந்தக் காரை வெளியே எடுக்கவே இல்லை.

இங்கே பேசுவதற்கு ஆள் பஞ்சமா? ஒருவருடைய ஒஸ்தி காரைக் கண்டபடி வெட்டி ஒட்டிவைத்துவிட்டுப் போய்விட்டார் என்று உங்களைப் பற்றிச் சித்திரை வீதியில் பேச்சு. அக்கா காதிலும் விழுந்தது. அவள் என்னிடம், டாக்டரை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல் என்று மட்டும் சொன்னாள். உங்கள் பேர் அந்தக் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது, அத்திம்பேர். அதனால்தான் விஜயதசமி என்று நாள் குறித்தோம்.

முதல் நாள் ஆயுத பூஜை. ஷெட்டில் எல்லா வண்டிக்கும் பொட்டு வைத்து, பூ வைத்தார்கள். எனக்கு அது போதவில்லை. தெற்கு வாசல் பூக்கடையில் சொல்லிவைத்து, கைப்பருமனுக்குச் சாமந்தியும் மருவும் வைத்துக் கட்டிய மாலை வாங்கிக்கொண்டு போனேன். மற்றவர்கள் பானட்டின் மேல் போடுவார்கள். நான் உங்கள் கைவேலை மேலேயே போட வேண்டும் என்று, குழாய் வரிசையை மறைத்து மூன்று மடிப்பாகக் கட்டினேன். கட்டுவதற்கு முன்னால் சந்தனத்தைக் குழைத்துக் குழாய் குழாயாக அப்பினேன். உங்கள் படத்துக்குக்கூட அத்தனை பெரிய மாலை நான் போட்டதில்லை.

மறுநாள் காலையில் புறப்படும்போது டாக்டர் அதைப் பார்த்தார். மாலையை எடுத்துவிடலாமா என்று கேட்டார். கேட்டார், அத்திம்பேர். பூஜை மாலையை வண்டி போய்வருவதற்குள் எடுக்கக்கூடாது, திரும்பி வந்து எடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். கூட வந்த டாக்டரின் வக்கீல் நண்பர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மெக்கானிக் அந்தோணி, அதுவும் சரிதான் என்றான். அத்தனை பேரில் ஒருவருக்காவது காற்று ஞாபகம் வந்ததா? நீங்கள் இருந்திருந்தால் மாலையைப் பிடுங்கி என் கழுத்தில் போட்டிருப்பீர்கள்.

டாக்டர் என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "அவருக்கு வச்சிருந்த எடம். நீங்க உக்காந்து முள்ளைப் பாத்துச் சொல்லுங்க" என்றார். வக்கீலும் அந்தோணியும் வக்கீலின் காரில் பின்னால் வந்தார்கள். திண்டுக்கல் ரோடு காலியாக இருந்தது. டாக்டர் அழுத்தினார். முதலில் முள் அசையவில்லை. அசையலை, அசையலை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அப்புறம் மெல்ல இறங்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் மணப்பாறையை நெருங்கும்போது வருகிற தட்டல் சத்தம், இந்தத் தடவை பாதி வழியிலேயே வந்துவிட்டது. ரேடியேட்டரும் கொதித்து ஆவி விட்டது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம்.

குழாயைக் கொண்டுபோய் முன்னால் வைத்ததால்தான் ரேடியேட்டருக்குக் காற்று போகவில்லை, இருந்ததையும் கெடுத்தாயிற்று என்றார் வக்கீல். இனி நடந்ததைத்தான் எழுத முடியாமல் இத்தனை நேரம் கதை வளர்த்தேன்.

பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால் நான்தான் மன்னிப்புக் கேட்பேன் என்று சிரிப்பீர்களே, அந்தப் புத்தி. கையைக் கூப்பிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றேன்.

"மன்னிச்சுடுங்கோ டாக்டர். எங்க அத்திம்பேர் ஏதோ ஆசைப்பட்டுப் பண்ணிட்டார். அவருக்கு மோட்டார் விஷயம் அவ்வளவா தெரியாது. அவருக்காக நான் கேட்டுக்கறேன்."

சொல்லிவிட்டேன். மூன்று பேர் கேட்கச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழாயை இங்கேயே கழற்றிவிட்டால் ரேடியேட்டராவது பிழைக்கும், வீடு போய்ச் சேரலாம் என்றார் வக்கீல். அந்தோணி ஸ்பானரை எடுத்தான். பூஜை மாலையில் கைவைக்கத் தயங்கினான். நானே எடுக்கிறேன் என்று போனேன். இழுத்தேன், வரவில்லை. காற்று அதைக் குழாய்களோடு சேர்த்து அப்படி அறைந்திருந்தது. பிய்த்து எடுத்தால், உள்பக்கத்துப் பூவெல்லாம் வேகவைத்த கீரையாக இருந்தது. குழாய்களுக்கு நடுவே சந்தனம் காய்ந்து, செங்கல்லுக்குச் சாந்து பூசினது போல அடைத்திருந்தது. காற்று போக ஒரு விரல் இடம் இல்லை.

எனக்குப் புரிந்தது. டாக்டருக்கும் புரிந்தது. "காத்து போகலை டாக்டர், நான்தான் அடைச்சுட்டேன்" என்றேன். வக்கீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. தன் கைக்குட்டையால் குழாய்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். குழாய் அப்படியே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை பூமாலை இல்லாமல் போவோம் என்றார். எஞ்சின் ஆறியதும் மெல்ல ஓட்டிக்கொண்டே திருச்சி வந்து சேர்ந்தோம். நான் கேட்ட மன்னிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அது அந்தப் புளியமரத்தடியிலேயே கிடக்கிறது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மாலையைச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள்கூட. நீங்கள் போனபிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. மன்னிப்பைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"மாலை போட்டது பிரியம், போகட்டும். அவருக்குத் தெரியாதுன்னு சொல்ல ஒன்னை யாருடா கேட்டா?"

வீதியில் யார் யாரோ பேசினார்கள் என்று நான் குமுறிக்கொண்டிருந்தேனே, அவர்கள் உங்களை இத்தனை அருகிலிருந்து பார்த்தவர்கள் இல்லை. கிணற்றடியில் நீங்கள் மணல் கழுவியபோது தண்ணீர் இறைத்துக் கொடுத்தவன் நான். ஒரு முள் இறங்கியதும் உங்களைக் கைவிட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, அத்திம்பேர்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி நன்றாக ஓடட்டும், அப்புறம் டாக்டரிடம் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். அக்கா விடவில்லை. வண்டி ஓடிக் காட்டினபிறகு சொன்னால் யாருக்கு வேண்டும் அது என்று கேட்டாள். தானும் ஷெட்டுக்கு வருகிறாளாம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஆகையால் இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை முடுக்குவதற்கு முன்னால், முள் எந்தப் பக்கம் போகும் என்று ஒருவருக்கும் தெரியாதபோதே, டாக்டரும் வக்கீலும் அந்தோணியும் கேட்க, என் அக்கா கேட்க, அன்றைக்குச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வேன். பிறகு ஏறி உட்காருவேன். முள் நின்றால் சந்தோஷம். இறங்கினால், நீங்கள் வரைந்த படத்தை விரித்துவைத்துக்கொண்டு இன்னும் ஒரு வரிசை குழாய் வளைப்போம்; மணலை நான் சலிக்கிறேன். உங்களுக்காக மன்னிப்பு மட்டும் இனி யாரிடமும் கேட்கமாட்டேன்.

தலைகுனிந்து,
உங்கள் மச்சினன்
சம்பத்
ஸ்ரீரங்கம்