அப்பா அமுக்கிய ‘வேண்டாம்’

அன்புக் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றபடி நானும், குறட்டையைத் தவிர மற்றபடி அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப் பயலும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். ஃபோனில் சொல்லாமல் இவள் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். ஃபோனை எடுத்தாலே அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிச் சொல்வது. அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. நான் ஆஸ்பத்திரியில் கிடக்கிற அந்த ஒரு வாரமும் அவர் வீட்டில் தனியாகத்தான் இருந்தாக வேண்டும், அதுவும் போன வருஷம் குளியலறையில் தலை சுற்றி விழுந்த மனிதர். ஏதாவது ஒன்று என்றால், உங்கள் ஆபீஸில் நீ செய்து அனுப்பியிருக்கிற அந்தச் செயலியை அமுக்கி அவரால் ஆளைக் கூப்பிட முடியுமா என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற ஒரே கவலை. முழங்கால்கூட அப்புறம்தான்.

நீ சொன்னபடியே செய்தேன். பக்கத்தில் உட்கார், சொல்லிக் கொடுக்காதே, கையை நீட்டாதே, எங்கே தயங்குகிறார் என்று மட்டும் பார், மனசில் தோன்றுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல் என்றாய். சொல்லிவிட்டாய் சுலபமாக. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் தேடுகிற கண்ணாடியை எடுத்துக் கொடுத்தே பழகிப்போன கை இது, சும்மா இரு என்றால் இருக்குமா. முதலில் சின்ன மாமாவை வைத்து ஒத்திகை பார்த்தேன். கீழே விழுந்துவிட்டதாக நினைத்துக்கொள் என்றதுதான் தாமதம், உன் மாமா நிஜமாகவே கூடத்தில் நீட்டிப் படுத்துவிட்டான். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒன்றையும் படிக்காமல் வரிசையாக எல்லாவற்றையும் அமுக்கினான். பயிற்சிக்கு என்று முதலில் ஓர் இடத்தில் மாற்றி வைக்கச் சொல்லியிருந்தாயே, அதை நான் சுத்தமாக மறந்து தொலைத்தேன். அவசரத்துக்கு என்று அதில் நம்பர் போட்டு வைத்திருக்கிற மாடி வீட்டு நர்ஸ் கையில் சோப்பு நுரையோடு படியிறங்கி ஓடி வந்தாள். இவன் தரையில் படுத்தபடியே, “வேலை செய்யுதுக்கா” என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். அடுத்த தடவை ஊசியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள், பாவம்.

அப்பாவை மறுநாள் உட்கார வைத்தேன். பயிற்சிக்கு மாற்றிவிட்டுத்தான், பயப்படாதே. இந்தப் பரீட்சை உங்களுக்கு இல்லை, ஃபோனுக்குத்தான் என்று நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். “அப்ப அதையே எழுதச் சொல்லு, நான் எதுக்கு” என்றார். அப்புறம் சமாதானமாகி ஃபோனை வாங்கிக்கொண்டார். பெரிய சிவப்பு பட்டனைக் கண்டுபிடிக்க நேரமே ஆகவில்லை. ஆனால் விரல் அதற்கு மேலேயே நின்றுவிட்டது. “எதுக்குன்னு தெரியுது, கைதான் போகமாட்டேங்குது” என்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் இல்லையா, அங்கே சிவப்பை அமுக்கினால் மொத்த வேலையும் நின்றுபோகும், கீழே நிற்கிற அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். அமுக்குங்களேன் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அமுக்கிவிட்டார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் திரையில் ‘உண்மையிலேயே உதவி வேண்டுமா?’ என்று வந்தது. எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி அதை வாய்விட்டுப் படித்தார், கொஞ்சம் யோசித்தார், ‘வேண்டாம்’ என்பதை அமுக்கிவிட்டு ஃபோனை என்னிடம் நீட்டினார்.

விரல் தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். கால் எலும்பு முறிந்துவிட்டது, எழுந்திருக்கவே முடியவில்லை என்று கதையைக் கூட்டிச் சொல்லி இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். மறுபடியும் அதே ‘வேண்டாம்’. இந்தத் தடவை விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், தவறவெல்லாம் இல்லை, நிதானமாகத் தேடித்தான் அமுக்கினார். எல்லாம் முடிந்த பிறகு ஏன் என்று கேட்டேன். “உண்மையிலேயேன்னு கேட்டா என்னன்னு சொல்றது? கொஞ்சம் தம் கட்டினா எழுந்துடலாமோன்னு தோணுது. மாடி வீட்டுப் பொண்ணும் அப்பதான் டூட்டி முடிச்சு வந்து படுத்திருக்கும்” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, எழுந்து சமையலறைக்குப் போய் நின்று அழுதுவிட்டேன். போன வருஷம் விழுந்தபோதும் நான் அடுத்த அறையில்தானே துணி மடித்துக்கொண்டிருந்தேன், ஒரு குரல் கொடுக்கவில்லையே இந்த மனிதர்.

அதனால் அந்தக் கேள்வியை எடுத்துவிடு குட்டி. தெரியாமல் அமுக்கிவிடுவார்கள் என்று உங்கள் ஆபீஸில் சொல்வார்கள். சின்ன மாமா மாதிரி ஆட்கள் அமுக்கத்தான் செய்வார்கள், வந்தவர்கள் நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போகட்டும், அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. முதலில் ஆளைக் கூப்பிட்டுவிடட்டும், வேண்டாம் என்றால் அப்புறம் நிறுத்திக்கொள்கிற மாதிரி வை. அந்தச் சிவப்பையும் மாற்ற முடியுமா பார். மாற்றி அனுப்பு, மறுபடியும் அவரை உட்கார வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வாண்டுக்குச் சளி விட்டதா? நீயும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றபடி சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் மனசு நிறைந்து இருங்கள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில், “ஆபரேஷனுக்கு நான் உண்மையிலேயே வரணுமாம்மா?” என்று கேட்டாய். உனக்கு லீவு கிடைக்காதே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரமா என்று யோசித்துவிட்டு வேண்டாம் என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது குட்டி. இனிமேல் கேட்காதே. டிக்கெட்டைப் போட்டுவிட்டு, என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் சொல்.

உன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா