நான் உடைக்காத பூசணிக்காய்

ஆயுத பூஜை, இரவு

சனத்நகர் பட்டறையில் நான்தான் மூத்தவன் என்று பூசணிக்காயை என் கையில் கொடுத்தார்கள். "எனக்குச் சாமி நம்பிக்கை இல்ல. வேற யாராவது உடைங்க" என்றேன். பிரஸ் மிஷின் ஓட்டும் சேகருக்கு முகம் செத்துவிட்டது.

"நக்கோ, வேணாம் அண்ணே, இப்படிப் பேசாதீங்க. தசரா முடிஞ்சு அந்த மிஷின்ல கை வைக்கப்போறது நான்தானே!"

அவன் கையில் ஒரு விரல் இல்லை. போன வருஷம், நம்பாமலேயே, பூசணிக்காயை நான்தான் உடைத்தேன். பூஜை போட்டாயிற்று என்ற தைரியத்தில் கை உள்ளே போகாமல் தடுக்கும் சேஃப்டி கார்டு இல்லாமலே மிஷினை ஓட்டினோம். அடுத்த மாதமே விரல் போனது.

இன்று சேகரே உடைத்தான். உடைக்கட்டும். ஆனால் கார்டு மாட்டாமல் இனி அந்த மிஷினை ஓட விடமாட்டேன். முதலாளி கத்தினாலும் சரி. சாமி இல்லை என்று சொன்னவன் நான். அப்படியென்றால் அவனுடைய மிச்ச விரல்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியவனும் நான்தான்.