காப்பு அவிழ்க்கும் நாள்

மாமா,

சாயந்திரம் தீ மிதிச்சிட்டு வந்து சாப்பிட சோறும் பருப்புக் குழம்பும் மூடி வச்சிருக்கேன். மீன் சட்டியில ஆக்கல, பயப்படாதீங்க. மஞ்ச வேட்டி கொடியில காயுது.

அம்மனுக்குக் காப்பு கட்டின நாள்லேருந்து நீங்க குடிக்கல, என்னை அடிக்கவும் இல்ல. என்மேல இரக்கம் வந்துடுச்சுன்னு நெனச்சேன். நேத்து உங்க கூட்டாளி ஜெயசீலன்கிட்ட, "நாளைக்குக் காப்ப அவுத்ததும் நேரா கடைக்குத்தான்டா மச்சான்"னு நீங்க சிரிச்சது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. உங்களுக்குப் பயமெல்லாம் அம்மன்கிட்டதான்.

நீங்க காப்ப அவுக்கும்போது நானும் பாப்பாவும் கீரப்பாளையத்துல எங்க அம்மா வீட்டுல இருப்போம். சாவி எதுத்த வீட்டு மகேஸ்வரி அக்காகிட்ட இருக்கு.

அஞ்சலை

பி.கு: கிளம்பும்போது பாப்பா, "அப்பா காப்ப அவுக்காமலே இருக்கக் கூடாதாம்மா?"ன்னு கேட்டா. "அதை அப்பாதான் சொல்லணும்"னேன். பதில் உங்ககிட்ட இருந்தா, கையில காப்போட வாங்க.